நாகப்பட்டினத்தில் நான் வாங்கி வராத வார்த்தை

இதை எழுதுவதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கியே எனக்குக் கண் மங்கிவிட்டது. மூன்று தடவை நோட்டு வாங்கினேன். ஒன்றை எருமை மென்றுவிட்டது. இன்னொன்றில் தவக்காலத்துச் செபங்களை எழுதி நிரப்பினேன். மூன்றாவதில் முதல் பக்கத்தில் ஒரு சிலுவை மட்டும் போட்டு மூடி, அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். அது அங்கேயே பல வருஷம் கிடந்தது. நான் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைக்கு வெட்கப்பட்டுத் தயங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் செய்ததை என் கையெழுத்திலேயே பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில் என் தம்பியின் மனைவி காலமானாள். கழுத்தில் தாலியோடுதான் அடக்கம் செய்தோம். பாக்கியவதி என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அது பாக்கியம் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில், ஊர் பார்க்கப் போன அரை நாளில், நான் செய்த காரியத்தின் பலன் அது.

எங்களுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம். தலைமுறை தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். கம்பும் வரகும் கடலையும் போட்டுப் பிழைத்தோம். எனக்கு ஒரே தம்பி. யுத்தம் வருவதற்கு முன்னால், கலியாணம் ஆகி ஏழு மாதத்தில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனான். மூன்று வருஷத்தில் திரும்புவதாகப் பேச்சு. கடிதம் ஒழுங்காக வந்தது. ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்ததும் கடிதம் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்தது, ஊரில் பட்டாசுகூட வெடித்தார்கள், அவனைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவன் மனைவி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை இல்லை. அவளுடைய அண்ணன்மார் வந்து, "உயிரோட இருக்காரா இல்லையான்னு ஒரு முடிவு சொல்லுங்க. வயசுப் பொண்ணை எத்தனை நாளைக்கு இப்படி வெச்சிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் என்ன முடிவு சொல்ல? நான் புருஷனின் அண்ணன் என்பதால் அவள் என் முன்னால் நின்று பேச மாட்டாள். என்ன வேண்டுமானாலும் என் மனைவி மூலமாகத்தான் வரும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. "அக்கா, தபால்காரர் வந்தாரான்னு மாமாவைக் கேளுங்க."

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் தெருவில் அம்மை வந்து நாலு பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. ஊர் கூடி, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை செய்தது. அம்மை இறங்கியதும் பதினோரு பேர் கிளம்பினோம். கூட்டத்துக்கு நான் தலைவன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் நேர்ச்சைக்காகப் போகிறவர்கள், மாதா பாதத்தில் வைத்து எடுத்த மெழுகுவத்தியை ஊருக்குக் கொண்டுவந்து நம் கோயிலில் ஏற்றும் வரைக்கும், வழியில் சாவுச் செய்தி கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, அழவும் கூடாது. மீறினால் நேர்ச்சை முறிந்துபோகும், போன வியாதி திரும்பி வரும் என்று நம்பிக்கை. எங்கள் சாமியார் இதை ஒரு நாளும் போதிக்கவில்லை. நாங்களே வைத்துக்கொண்டது. ஆனால் பத்துக் கட்டளைக்கு அடுத்தபடி அதைத்தான் காத்தோம்.

என் மனைவி வந்தாள், தம்பி மனைவியும் வந்தாள், என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வந்தான். மற்றவர்கள் தெருக்காரர்கள். கொள்ளிடத்து மணலில் நடந்து கடந்து, தஞ்சாவூரில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, வேளாங்கண்ணிக்கு நடந்தோம். தம்பி மனைவி கோயிலுக்குள் முழங்காலிலேயே போனாள். என்ன வேண்டினாள் என்று கேட்க வேண்டியதில்லை.

திரும்பி நாகப்பட்டினம் வந்தபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரயில் பிற்பகலில். சத்திரத்து வாசலில் ஒரு சாயபு, என் வயசுக்காரர், கக்கத்தில் குடையோடு நின்றார். வெளியூர்க்காரர்களுக்கு ஊர் காட்டுவதுதான் அவர் தொழில்.

"வாங்கண்ணே, வாங்க ராத்தா! நாகப்பட்டினத்துக்கு வந்துட்டு ஸ்டேஷனை மட்டும் பாத்துட்டுப் போனா ஊரு கோவிச்சுக்கும். மத்தியான லொஹர் பாங்குக்கு முன்னாடி முழு ஊரையும் காட்டி ரயிலடியில விட்டுடறேன். அரை நாள்ல அறுநூறு வருஷம்!"

"அறுநூறு வருஷத்தையும் நடந்தே பாக்கணுமா?" என்றான் மச்சான்.

"நடந்தாத்தான் தெரியும். குதிரை வண்டியில போனா முதுகு வலிதான் தெரியும்."

நான் அவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். மலாய் நாட்டுக் கப்பல் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். அவர் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. "பினாங்குக் கப்பல் நேத்துலேர்ந்து நிக்குது. ஆளுங்களைப் படகுல எறக்கிக்கிட்டே இருக்கான். தொறைக்கு ஒம்பது மணிக்கு மேலதான் விடுவாங்க. அதுவரைக்கும் மத்ததைப் பாருங்க. நான் கொண்டுபோறேன்" என்றார். என் மனைவி இதைத் தம்பி மனைவியிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவள் தலை முக்காட்டை ஒரு தடவைகூடச் சரிசெய்யவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. சாயபு நடந்த வேகத்துக்கு அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முதலில் டச்சுக்காரர் கட்டிய கோயிலைக் காட்டினார். "தேக்கு பூரா கப்பல்ல வந்தது. உள்ள வாங்க."

எங்கள் கூட்டம் வாசலில் நின்றுவிட்டது. பதிதர், அதாவது புரோட்டஸ்டன்ட்காரர், கோயிலுக்குள் காலை வைப்பது பாவம் என்று உபதேசியார் சின்ன வயசிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நீதானே கூட்டத்துக்குத் தலைவன், சொல்லு மச்சான்" என்றான் என் மச்சான். "ஒத்தக் காலை மட்டும் உள்ள வெச்சா அரைப் பாவமா?"

"ஜன்னல் வழியாப் பாருங்க. ஜன்னலுக்குப் பாவம் கெடையாது" என்றார் சாயபு. எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தோம்.

அடுத்து டச்சுக்காரர் கல்லறை. எங்கள் ஊர்ச் சப்பரம் உயரத்துக்குச் சமாதிகள், காரை உதிர்ந்து செடி முளைத்துக் கிடந்தன. சாயபு எல்லாரிடமும் சொல்கிற பாடத்தைத்தான் சொன்னார்: "இதுல படுத்திருக்கிறவன் ஒருத்தனுக்கும் இது ஊரு இல்லை. கடல் தாண்டி வந்தவன். அங்க அவன் பொஞ்சாதி எத்தனை வருஷம் கரையைப் பாத்துக்கிட்டு நின்னாளோ."

தம்பி மனைவி என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். என் மனைவி சாயபுவைக் கேட்டாள். "இங்க செத்தது அங்க எப்படித் தெரியுமாம்னு கேக்குறா."

"அடுத்த கப்பல்ல கடுதாசி போவும் ராத்தா. அது போய்ச் சேர ஒரு வருஷம் ஆவும்." சொன்ன பிறகுதான் யார் கேட்டது என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குடையை விரித்துக்கொண்டு, "வாங்க வாங்க, வெயில் ஏறுது" என்று முன்னால் போய்விட்டார்.

துறைக்கு வந்தோம். நான் அதுவரை கடலில் கப்பலைக் கண்டதில்லை. வெகு தூரத்தில், ஒரு கரிய மாட்டுக் கொட்டகை தண்ணீரில் நிற்கிற மாதிரி நின்றது. அங்கிருந்து படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. இறங்கினவர்களை மூங்கில் வேலிக்குள் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அத்தனை ஜனத்திடம் ஒரு சத்தம் இல்லை. முழங்கால் மூட்டு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் குச்சியாக இருந்தார்கள். சிலருக்கு இடுப்பில் சாக்குத்துணி.

பெண்களைச் சாயபு ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவரின் நிழலில் நிறுத்தினார். வேலிக்கும் அவர்களுக்கும் நாற்பது அடி இருக்கும். நான் மட்டும் வேலியோரமாகப் போனேன். "அரியலூர்ப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? ஏலாக்குறிச்சிப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். சிலர் தலையை ஆட்டினார்கள், சிலர் அதுகூடச் செய்யவில்லை. கடைசி வரிசையில் கால் வீங்கிய ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான் செட்டிகுளம். மலைக்கோயிலுக்குக் கீழ. நீங்க?"

நான் ஊரைச் சொன்னேன், தம்பியின் பெயரைச் சொன்னேன். தோட்டத்தின் பெயரையும், புருவத்தில் மாடு முட்டின தழும்பையும் சொன்னேன். அவர் வேலிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனா நீங்க? மொகத்துலயே எழுதியிருக்கே." அப்புறம் என் கையை விடாமலே சொன்னார். "அவரு போயிட்டாருங்க. ஜப்பான்காரன் தோட்டத்துல வந்து ஆளு பிடிச்சான், சயாமுக்கு ரயில் ரோடு போடணும்னு. ரெண்டு பேரும் ஒரே லாரியிலதான் போனோம். காட்டுல மழை, பேதி. மூணு நாள் கெடந்தாரு. நான்தான் தூக்கிட்டுப் போயி மண்ணு தள்ளினேன். மூங்கில்ல சிலுவை கட்டி வெச்சேன். எனக்கு அது எப்படிப் போடறதுன்னு தெரியாது, முன்னாடியே அவருதான் சொல்லிக் குடுத்திருந்தாரு."

நான் மறு கையால் வேலி மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அவரு பொஞ்சாதிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்காரு" என்றார் அவர். "வேற யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அவ காதுலதான் போடணும்னு என் தலை மேல கையடிச்சு சத்தியம் வாங்கினாரு. அந்தம்மா எங்கங்க?"

அவள் எனக்குப் பின்னால், நாற்பது அடியில், சுவர் நிழலில் நின்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர் பார்த்துவிடுவார்.

"வரலைங்க. ஊர்ல இருக்கு" என்றேன்.

இதுதான் நான் சொன்ன பொய். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே பல பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூட்டையில் ஊர் மெழுகுவத்தி இருந்தது. சாவுச் செய்தியை நானே கேட்டாயிற்று, அவளும் கேட்டு அலறினால் பதினோரு பேர் நேர்ச்சையும் முறியும், தெருவில் மறுபடி அம்மை இறங்கும் என்று பயந்தேன். இது உண்மை. அவள் அங்கே மண்ணில் விழுந்து புரளுவதை அத்தனை பேருக்கு நடுவில் என்னால் பார்க்க முடியாது என்பதும் உண்மை. நான் வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் என் தம்பி எங்கள் வீட்டில் இன்னும் சாகவில்லை என்று தோன்றியது. அதுவும் உண்மைதான்.

"அப்ப நானே ஊருக்கு வந்து சொல்றேன்" என்றார் அவர். "ஒரு மாசத்துல கால் வீக்கம் வத்திடும்னு கப்பல் டாக்டர் சொன்னாரு. வந்துடறேன். சொல்லி வையுங்க." நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சேவகன் அதட்டினான். அவர் கையை விட்டார்.

நான் நிழலுக்கு வந்தேன். என் மனைவி, "ஏங்க?" என்றாள்.

"ஒருத்தருக்கும் தெரியலை" என்றேன்.

தம்பி மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சாயபு மட்டும் என்னை விட்டு நகரவில்லை. கலங்கரை விளக்கத்தைக் காட்டி, யுத்தத்தில் அதை அணைத்துப் போட்டிருந்த கதையை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "அண்ணே, மௌத்து சேதியா?"

ஆமாம், சாவுச் செய்திதான் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னா லில்லாஹி. ராத்தாகிட்ட சொல்லலையா?"

வழக்கத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். இழிவாகப் பேசவில்லை. "ஒங்க வழக்கம் ஒங்களுக்கு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா சேதி கொண்டாந்த ஆளை விட்டுறாதீங்க. லாரியில ஏத்தி கேம்புக்குக் கொண்டு போவாங்க. அங்கேர்ந்து யாரை எங்க அனுப்புவான்னு எனக்கே தெரியாது. அந்தாளை ஒங்க கூடவே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. வத்தியை ஏத்தினப்பறம் அவரு வாயாலயே சொல்லட்டும். ஓடுங்கண்ணே, நான் இவங்களைப் பாத்துக்கறேன்."

அவ்வளவு சுலபமான வழி. வேதம் தெரிந்த எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் நான் ஓடவில்லை. செபமாலையை எடுத்து, மாதாவே வழி காட்டு என்று பத்து மணி உருட்டினேன். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். எந்தக் காரியமானாலும் செபம் முதலில். செபம் முடிவதற்குள், கப்பல் ஏறுகிறவர்களை முன்னெல்லாம் தங்க வைத்திருந்த டிப்போ வந்துவிட்டது.

நீளமான ஓட்டுக் கொட்டகை. தோட்டத்துக்குப் போகிற ஆட்களை அங்கே வைத்து, அம்மை குத்தி, பெயர் எழுதிப் படகில் ஏற்றுவார்களாம். "எங்க குந்தியிருப்பாங்களாம்னு கேக்குறா" என்றாள் என் மனைவி. சாயபு என்னைப் பார்த்தார். பிறகு, "இந்தத் தாழ்வாரத்துலதான் ராத்தா. கஞ்சியும் இங்கதான்" என்று காட்டினார். தம்பி மனைவி அந்தத் தரையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"எந்திரி ஆத்தா, போவலாம்" என்றேன். அவளிடம் நேரடியாக நான் பேசிய முதல் பேச்சு அது என்று நினைக்கிறேன்.

அவள் எழுந்து சாலைக்கு வந்தபோது துறைப் பக்கமிருந்து லாரி வந்தது. பெண்கள் ஓரம் ஒதுங்கினார்கள். பின்னால் நின்றவர்களில் அந்தச் செட்டிகுளத்துக்காரரும் இருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நானும் உயர்த்திவிட்டேன். அவருக்கும் அவளுக்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்காது. அவள் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர், யாரோ ஒரு பெண் என்று, லாரிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். புழுதி அடங்கியபோது லாரி சாலை முனை திரும்பிவிட்டிருந்தது.

அதற்கு மேலும் சாயபு பெருமாள் கோயில் கோபுரத்தைக் காட்டினார், கடைத்தெருவைக் காட்டினார். பாடம் சொல்கிற குரல் மட்டும் இறங்கிவிட்டது. ரயிலடியில் எங்களிடம் கூலி வாங்கமாட்டேன் என்றார். மச்சான் காரணம் புரியாமல், "என்ன பாய், அறுநூறு வருஷம் இலவசமா?" என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை ஊர் எல்லையில் தம்பட்டத்தோடு எதிர்கொண்டார்கள். கோயிலில் மெழுகுவத்தியை ஏற்றினேன். மூன்று தடவை அணைந்து, நாலாவது தடவைதான் நின்று எரிந்தது. எல்லாரும் மாதா மன்றாட்டு பாடி முடித்து வெளியே வந்ததும், கோயில் வாசலிலேயே என் மனைவியையும் தம்பி மனைவியையும் நிறுத்திச் சொன்னேன். துறையில் கேட்டது முழுவதையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன்.

என் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி மனைவி அழவில்லை. முக்காட்டை விலக்கி என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள்.

"அவரு ஒங்க கையைப் பிடிச்சதைப் பாத்தேன் மாமா. தெரியாத ஆளு அப்படிப் பிடிக்கமாட்டாங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் ஆத்தா கேக்கலை?"

"கேக்கக்கூடாதே. தெருப் புள்ளைங்களுக்காகத்தானே போனோம். வத்தி ஏத்தட்டும், சொல்லுவீங்கன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு வந்தேன். எனக்குன்னு ஒரு வார்த்தை வந்ததும், நான் ஊர்ல இருக்கேன்னு நீங்க சொன்னதும் எனக்கு எப்படித் தெரியும்?" அப்புறம், "லாரியில கையைத் தூக்கினாரே, அவருதானா?" என்றாள்.

"ஆமா."

"எட்டிப் பிடிச்சிருப்பேனே மாமா" என்றாள். முக்காட்டை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் சாமியாரிடம் போய், தம்பிக்காகத் துக்க மணி அடிக்கவும் மரித்தோர் பூசை வைக்கவும் கேட்டேன். அவர் நல்லவர். ஆனாலும் சட்டத்தைச் சொன்னார். "கண்டவன் எங்கே? உன் காதில் விழுந்ததை வைத்து நான் அவளைக் கைம்பெண் என்று எழுத முடியாது. நாளைக்கு அவளுக்கு மறு கலியாணம் என்று வந்தால், நாளன்றைக்கு உன் தம்பி வந்து நின்றால், யார் பதில் சொல்வது? அந்த மனிதனைக் கூட்டி வா. வேதப் புத்தகத்தின் மேல் வேண்டாம், அவன் சாமி மேலேயே சத்தியம் செய்யட்டும். எழுதி மேற்றிராணியார் ஆண்டவருக்கு, பிஷப்புக்கு, அனுப்புகிறேன். அவன் பெயர் என்ன?"

எனக்குப் பெயர் தெரியாது.

ஒரு மாதத்தில் வருகிறேன் என்றாரே, வருவார் என்று காத்திருந்தேன். அதுவும் என் புத்திதான். தம்பி மனைவி தினமும் வாசலைத் தெளித்துவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்பு தபால்காரருக்காக நின்றவள், இப்போது கால் வீங்கிய ஒரு மனிதருக்காக நின்றாள். மாதம் ஒன்றாகி, மேலும் பதினைந்து நாள் போனது. அப்புறம்தான் கிளம்பினேன். அரியலூரிலிருந்து கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் பெரம்பலூர் போய், அங்கிருந்து செட்டிகுளம் போனேன். மலையடிவாரத்தில் விசாரித்தேன். அப்படி ஒருவர் வந்தது உண்மை. தங்க வீடு இல்லாமல், அரும்பாவூரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அரும்பாவூருக்குப் போனேன்.

வீட்டு வாசலில் அந்த அக்காள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஊரைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்துதாங்க பதினாறாம் நாளு முடிஞ்சுது" என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போவணும் போவணும்னுட்டே இருந்தான். வண்டி கட்டுங்கடா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்னு. ஜன்னி கண்டப்பறம்கூட அதான் பேச்சு. காலு யானைக் காலாட்டம் ஆயிப்போச்சு, எங்கேர்ந்து வண்டியில ஏத்துறது? நீங்களாச்சும் மூணு வாரம் முன்ன வந்திருக்கக்கூடாதா?"

"என்ன வார்த்தைன்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாருங்களா?"

"கேட்டேனே. எங்கிட்ட சொல்லிட்டா நான் போய் சொல்லிட்டு வரேன்டான்னேன். அவ காதுலதான் போடணும்னு சத்தியம் பண்ணியிருக்கேன்னுட்டான். பெரிய சத்தியவான்." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தியத்தைக் காத்தவர் அவர். வழக்கத்தைக் காத்தவன் நான். இருவருக்கும் நடுவில் அவளுக்கு வந்து சேர வேண்டியது வராமலே போனது.

அக்காள் சொன்னது சாட்சி ஆகாது என்று சாமியார் வருத்தத்தோடு சொன்னார். துக்க மணி அடிக்கவில்லை. அவள் பெயரைக் கைம்பெண் என்று எழுதவில்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளில், எல்லா மரித்தவர்களுக்கும் பொதுவாக வைக்கிற பூசையில் நான் தம்பியை மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. அண்ணன்மார் அவள் மறு கலியாணத்துக்குப் பார்த்து வைத்த இடம் கைவிட்டுப் போயிற்று. அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள், உழைத்தாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். என்னை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊர் சும்மா இருக்கவில்லை. அந்த வார்த்தை என்னவென்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேறு கலியாணம் செய்துகொள்ளச் சொல்லியிருப்பான் என்று அவள் அண்ணன்மார் சொன்னார்கள். கடைசி வரைக்கும் எனக்காகவே இரு என்றிருப்பான் என்று எங்கள் பங்காளிகள் சொன்னார்கள். பிறகு வந்த உபதேசியார் ஒருவர், அவள் இருக்கும்போதே, "மாதாவைக் கைவிடாதே என்று அந்தப் புண்ணியவான் சொல்லி அனுப்பினார்" என்று கோயிலில் ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னார். நான் நிலத்துக்கு ஆசைப்பட்டு அந்த ஆளை விரட்டிவிட்டேன் என்றுகூட ஒரு கதை உண்டு. அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. செய்ததற்கு அது அதிகமில்லை என்று பட்டது.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் என் மனைவியை அனுப்பாமல் என்னையே கூப்பிட்டாள். "மாமா, எல்லாரும் ஒண்ணு ஒண்ணு சொல்றாங்க. ஒண்ணுகூட அவரு பேச்சு மாதிரி இல்லை. ஏழு மாசம் கேட்ட குரலுதான், ஆனாலும் எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்களாச்சும் ஒண்ணும் கட்டிச் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்."

அதனால்தான் மூன்றாவது நோட்டை எடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், கோயிலில், யாத்திரை போகிற வழியில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வழக்கத்தைக் காக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்கவும் வேண்டாம், கெட்டவனாக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் தம்பி என்ன சொல்லி அனுப்பினான் என்ற இடம் வரும்போது, தெரியாது என்றே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் மனம் ஆறட்டும் என்று எதையாவது இட்டு நிரப்பாதீர்கள். அந்த வார்த்தை அவளுடையது. அதை நான் வாங்கி வரவில்லை. வேறு யாரும் அதைத் தரவும் முடியாது.

சர்வேசுரன் அவர்கள் இருவரையும் ஒரே இடத்தில் சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன். அங்கே அவள் கேட்டிருப்பாள்.